மஞ்சள் ஏன் விதை தருவதில்லை? செல் பகுப்பும் குரோமோசோம்களும்

மேல்நிலை முதலாம் ஆண்டில் உயிரியல் படிக்கும் தம் மகளின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வந்த கோபிச்செட்டிபாளையம் பக்கத்து விவசாயி ஒருவர், பேச்சு முடிந்து எழும்போது என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "பூவெல்லாம் நல்லாத்தான் பூக்குதுங்க சார். ஆனா மஞ்சள்ல காயும் பிடிக்கறதில்ல, விதையும் விழறதில்ல. அது ஏனுங்க?" நெல்லுக்கு விதைநெல் உண்டு, சோளத்துக்கு விதைச்சோளம் உண்டு. மஞ்சளுக்கு மட்டும் போன பட்டத்தில் வெட்டிய கிழங்கையே 'விதை மஞ்சள்' என்று பெயரிட்டு நிழலில் குவித்து மூடி வைக்கிறோம். ஈரோட்டுச் சந்தைக்கு வரும் விரலியும் கிழங்கும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வந்துகொண்டிருக்கின்றன. அவருடைய மகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்த செல் பகுப்புப் பாடத்துக்குள்தான் அவருடைய கேள்விக்கான பதிலும் இருந்தது. ஆனால் அந்தப் பாடத்தை நாம் நடத்தும் விதத்தில் அந்தப் பதில் வெளியே தெரிவதேயில்லை.

நிலைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வதிலேயே பாடம் முடிந்துவிடுகிறது. எதற்காக இந்த நிலைகள் என்ற கேள்வி எழுவதில்லை. என் அனுபவத்தில், இந்தப் பாடத்தில் மாணவர்கள் முதலில் தடுமாறுவது 'பிரிதல்' என்ற சொல்லிலேயே. நம் ஊரில் பிரிவினை என்றால் பாகப்பிரிவினைதான். 10 ஏக்கர் தோட்டத்தை அண்ணன் தம்பி இருவர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 5 ஏக்கர், அவர்கள் மக்கள் காலத்தில் இரண்டரை ஏக்கர் என்று பங்கு சிறுத்துக்கொண்டே போகும். செல்லும் தன்னிடம் உள்ள மரபுச் செய்தியை அப்படிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தால், பத்தே தலைமுறையில் ஒவ்வொரு செல்லிலும் மூலத்தில் 1024-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். செல் செய்வது அதுவல்ல. மூலப் பத்திரத்துக்கு முதலில் வரிக்கு வரி ஒரு படி எடுத்துவிட்டு, அதன் பிறகு ஆளுக்கொரு முழுப் பத்திரமாகக் கொடுத்து அனுப்புகிறது. படி எடுப்பது முதல் வேலை, பிசகாமல் பங்கிடுவது இரண்டாவது வேலை. செல் பகுப்பில் நாம் படிக்கும் மற்றவை எல்லாம் இந்த இரண்டு வேலைகளுக்குத் துணை நிற்பவையே.

படி எடுக்கும் வேலை நடப்பது இடைநிலையில். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல் ஒன்று தன் சுழற்சியை ஏறத்தாழ 24 மணி நேரத்தில் முடிக்கிறது என்றால், அதில் கண்ணுக்குத் தெரியும் பகுப்பு நடப்பது சுமார் ஒரு மணி நேரம் மட்டுமே. மீதி நேரம் முழுவதும் இடைநிலைதான். செல் வளர்வதும், மரபுச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏ இரட்டிப்பதும், இரட்டித்தது சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதும் அப்போதுதான் நடக்கின்றன. பழைய நூல்கள் இதை ஓய்வு நிலை என்று எழுதியது பெரும் பிழை. பாவு ஓட்டி முடிக்காமல் தறியில் நெசவு தொடங்க முடியாது என்பது சோமனூர்ப் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பார்வைக்கு நெசவுதான் வேலையாகத் தெரியும் என்றாலும் அதற்கு முந்தைய உழைப்பே பெரிது.

இந்த இடத்தில் எண்ணிக்கை பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மனிதச் செல்லில், டிஎன்ஏ நூலைத் தாங்கும் குரோமோசோம்கள் 46 உள்ளன. டிஎன்ஏ இரட்டித்த பிறகு 92 ஆகிவிடாதா என்று வகுப்புக்கு ஒருவராவது கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். இரட்டித்த இரண்டு படிகளும் சென்ட்ரோமியர் என்ற இடத்தில் இடுப்போடு இடுப்பாக ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. அப்படி ஒட்டியிருக்கும் ஒவ்வொரு படிக்கும் குரோமாட்டிட் என்று பெயர். குரோமோசோம்களை எண்ணும்போது சென்ட்ரோமியரைத்தான் எண்ணுகிறோம் என்பதால், டிஎன்ஏயின் அளவு இரு மடங்கான பிறகும் குரோமோசோம்களின் எண்ணிக்கை 46 ஆகவே நிற்கிறது. ஒட்டு விடுபடும் அந்தக் கணத்தில்தான் ஒவ்வொரு குரோமாட்டிடும் தனிக் குரோமோசோம் என்ற தகுதியைப் பெறுகிறது. இது பிடிபட்டுவிட்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

இதைக் கண்ணால் பார்க்கச் சின்ன வெங்காயம் போதும். பொங்கலூர், பல்லடம் பக்கத்திலிருந்து வரும் வெங்காயத்தில் ஒன்றை எடுத்து, அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி ஒரு டம்ளரின் வாய் மேல் வைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் இறங்கிவிடும். காலை நேரத்தில் அந்த வேர்களின் நுனியை மட்டும், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு, வெட்டி எடுக்க வேண்டும். வேர் நீள்வது அந்த நுனியில்தான் என்பதால் பகுப்பும் அங்கேதான் மும்முரமாக நடக்கிறது. அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் ஊறவைத்தால் செல்கள் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடு காட்டி, அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே கண்ணாடி வில்லை வைத்து, வடிதாளை மடித்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் சற்று நகர்ந்தாலும் செல்கள் ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு வீணாகிவிடும். என் மாணவர்களுக்கு இந்த அழுத்தம் கைவரவே நான்கைந்து முறையாகும்.

அப்படி வந்த ஒரு நல்ல வில்லையை நுண்ணோக்கியில் வைத்தால், செங்கல் அடுக்கினாற்போல் வரிசையாக நிற்கும் செல்கள் தெரியும். பெரும்பாலானவற்றில் உட்கருவானது இளஞ்சிவப்புப் புள்ளி போல அமைதியாக இருக்கும். அவை இடைநிலையில் இருப்பவை. ஒரு சிலவற்றில் அந்தப் புள்ளி கலைந்து நூல் சிக்கு போலத் தெரியும், அது புரோஃபேஸ். இன்னும் சிலவற்றில் குட்டையான தடித்த குச்சிகள் செல்லின் நடுவே ஒரே தளத்தில் அணிவகுத்து நிற்கும், அது மெட்டாஃபேஸ். அனாஃபேஸில் ஒட்டு விட்ட குரோமாட்டிடுகள், நடுவில் பிடித்து இழுத்த கயிறு போல வளைந்தபடி, இரு முனைகளுக்கும் போய்க்கொண்டிருக்கும். டீலோஃபேஸில் இரண்டு முனைகளிலும் அவை மீண்டும் கலைந்து இரு உட்கருக்களாகும், நடுவே செல் தட்டு ஒன்று எழுந்து சுவராக மாறும். வெங்காயத்தின் குரோமோசோம்கள் 16. எனவே மெட்டாஃபேஸில் 32 குரோமாட்டிடுகள் 16 இணைகளாக நிற்கின்றன, அனாஃபேஸில் முனைக்கு 16 ஆகப் போகின்றன. குரோமோசோம்கள் நீளமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருப்பதால்தான் ஆய்வகத்துக்கு வெங்காயத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

குரோமோசோம் என்ற சொல்லுக்கு 'நிறமுள்ள உடல்' என்பது பொருள். 1888-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்டையர் இட்ட பெயர் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வால்டர் ஃபிளெம்மிங், சாலமாண்டர் என்ற நீர்நில உயிரியின் இளம்பருவத்துச் செல்களை அனிலின் சாயங்களால் நிறமேற்றி, நூல் போன்ற அந்தப் பொருள் நீளவாக்கில் பிளந்து இரண்டாவதைக் கண்டார். கிரேக்க மொழியில் நூலைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பகுப்புக்கு மைட்டாசிஸ் என்ற பெயரை 1882-இல் அவரே கொடுத்தார். அனிலின் சாயங்கள் துணிக்கு நிறமேற்றவே பெருமளவில் தயாரிக்கப்பட்டவை. சாயப்பட்டறையின் பொருள் ஆய்வுமேசைக்குப் போய், வண்ணமற்ற செல்லுக்குள் மறைந்திருந்ததை வெளியே கொண்டுவந்தது என்பதைத் திருப்பூர்ப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நெருக்கம் தெரிகிறது.

அந்த நூல் ஏன் பகுப்பின்போது மட்டும் தடித்த குச்சியாகிறது? ஒரு மனிதச் செல்லில் உள்ள டிஎன்ஏ முழுவதையும் நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான குறுக்களவு கொண்டது. இந்த நூல் ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மேல், பாபினில் சுற்றுவது போல, சுற்றப்பட்டே இருக்கிறது. ஆனால் அன்றாட வேலைக்குச் செய்தியைப் படித்தாக வேண்டும் என்பதால் சுற்று தளர்வாக இருக்கும். தளர்ந்த நூலைச் சிக்கலில்லாமல் இரண்டு பக்கம் இழுத்துச் செல்ல முடியாது. கோனில் இறுக்கிச் சுற்றாத நூலை லாரியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று மில் வேலைக்குப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே இடம்பெயரும் நேரத்தில் மட்டும் செல் அதை இறுக்கிச் சுருட்டுகிறது, போய்ச் சேர்ந்ததும் தளர்த்திவிடுகிறது.

இழுத்துச் செல்பவை கதிர்கோல் இழைகள். நூற்பாலையில் சுழலும் கதிரின் பெயரே இதற்கும் வைக்கப்பட்டிருப்பதால் இதுவும் சுழல்வதாகச் சிலர் நினைத்துவிடுகிறார்கள். நடுவில் அகன்று இரு முனையிலும் கூம்பும் வடிவத்துக்காக வைத்த பெயரே தவிர, சுழற்சி எதுவும் இல்லை. டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உருவாகும் நுண்குழல்கள் அவை. இரு முனைகளிலிருந்தும் வரும் இழைகள் ஒவ்வொரு குரோமோசோமின் சென்ட்ரோமியரையும் எதிரெதிர்ப் பக்கமாகப் பற்றிக்கொள்கின்றன. ஒரே ஒரு குரோமோசோம் பற்றப்படாமல் நின்றாலும் செல் காத்திருக்கும், ஒட்டை அவிழ்க்காது. பங்கு பிசகாமல் இருப்பது இந்தக் காத்திருப்பினால்தான்.

உட்கரு பிரிவதும் செல் பிரிவதும் ஒன்றல்ல என்பதைக் காட்டப் பொள்ளாச்சி இளநீரை விட நல்ல சான்று கிடையாது. தென்னையில் கருவுறுதல் நடந்தபின், வித்தகத்திசு எனப்படும் உணவுத் திசுவின் உட்கரு மட்டும் மீண்டும் மீண்டும் பிரிந்துகொண்டே போகும். இடையில் செல் சுவர் எழாது. நாம் உறிஞ்சிக் குடிக்கும் இளநீர் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் மிதக்கும் திரவம். நாள் செல்லச் செல்ல, ஓட்டை ஒட்டிய பகுதியிலிருந்து சுவர்கள் எழுந்து செல்கள் உருவாகின்றன. அதுவே முதலில் வழுக்கையாகவும் பின்பு முற்றிய பருப்பாகவும் ஆகிறது. இளநீர் வெட்டுபவர் காயைத் தட்டிப் பார்த்து "வழுக்கை கட்டியிருக்குதுங்க" என்று சொல்வது, செல் சுவர் உருவாகத் தொடங்கிவிட்டது என்பதன் நம் ஊர்ப் பெயர்.

இதுவரை சொன்னது உடல் செல்களின் கதை. அடுத்த தலைமுறைக்கான இனச்செல்கள் இப்படி உருவானால், தாயின் 46-உம் தந்தையின் 46-உம் சேர்ந்து பிள்ளைக்கு 92 ஆகி, தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்துக்கொண்டே போகும். அதைத் தடுப்பதே குன்றல் பகுப்பு எனப்படும் மியாசிஸ். படி எடுப்பது ஒருமுறை, பங்கிடுவது இருமுறை. குரோமோசோம்கள் ஒவ்வொரு வகையிலும் இரண்டிரண்டாக, ஒன்று தாய்வழி, ஒன்று தந்தைவழி என்று இருக்கின்றன. மியாசிஸின் முதல் பகுப்பில் ஒத்த இணைகள் ஒன்றையொன்று தேடி நெருங்கி நீளவாக்கில் சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, அதன் பிறகு ஆளுக்கொரு முனையாகப் பிரிகின்றன. இரண்டாவது பகுப்பில் குரோமாட்டிடுகள் பிரிகின்றன. மனிதரில் 23 இணைகளில் எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஒழுங்கு இல்லாததால், துண்டு மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமலேயே 83,88,608 வகையான சேர்க்கைகள் சாத்தியம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப் போல் ஒருவர் இல்லாததன் காரணம் இது.

பெண்ணின் உடலில் இந்தப் பகுப்பு நடக்கும் காலம் வியப்புக்குரியது. கருமுட்டைகள் மியாசிஸைத் தொடங்குவது அந்தப் பெண் தன் தாயின் கருப்பையில் இருக்கும்போதே. தொடங்கி, இணைகள் சேர்ந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன. அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான், பதினைந்து ஆண்டு கழித்தோ நாற்பது ஆண்டு கழித்தோ, பகுப்பு தொடர்கிறது. அப்படியானால் நாம் ஒவ்வொருவரும் எந்த முட்டையிலிருந்து வந்தோமோ, அது தன் முதல் பகுப்பைத் தொடங்கியது நம் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், வயிற்றில். அத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் இணைகளின் பிணைப்பு சில வேளை தளர்ந்துபோய், இரண்டும் ஒரே முனைக்குச் சென்றுவிடுவதுண்டு. 21-ஆவது குரோமோசோம் அப்படி மிகுந்து 47 ஆவதே டவுன் நோய்க்குறியின் காரணம் என்பதை 1959-இல் ஜெரோம் லெஜேனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். தாயின் வயது கூடும்போது இதற்கான வாய்ப்பு கூடுகிறது என்றாலும் இளம் தாய்மாருக்கும் இது நேர்கிறது. கர்ப்ப காலத்தில் அவள் உண்டதாலோ கிரகணத்தில் வெளியே வந்ததாலோ நேர்வதல்ல. அந்தப் பழியைச் சுமந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு பழியும் இதே பாடத்தில் தீர்கிறது. தாயின் முட்டை ஒவ்வொன்றிலும் எக்ஸ் குரோமோசோமே இருக்கும். தந்தையின் விந்தணுக்களில் பாதியில் எக்ஸும் பாதியில் ஒய்யும் இருக்கும். ஆண் பெண் என்பதை முடிவு செய்வது தந்தை தரும் குரோமோசோம். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது சேலத்தில் என்பதை நினைத்தால், பெண் பெற்றவளையே குறை சொன்ன ஊர்களில் இந்தப் பாடம் எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது புரியும். கோழியில் இது தலைகீழ். நாமக்கல் பண்ணைகளில் பொரியும் குஞ்சு பெட்டையா சேவலா என்பதைத் தாய்க்கோழியின் முட்டையே தீர்மானிக்கிறது.

குரோமோசோம் எண்ணிக்கை உயர்வு தாழ்வைக் காட்டும் அளவுகோல் அல்ல. காங்கேயம் மாட்டுக்கு 60, கோழிக்கு 78. வெள்ளாட்டுக்கும் 60 தான், ஆனால் வெள்ளாடு மாடாகிவிடவில்லை. செம்மறிக்கு 54. ஒரே பட்டியில் அடைந்து ஒரே காட்டில் மேய்ந்தாலும் வெள்ளாடும் செம்மறியும் வெவ்வேறு இனமாகவே நிற்பதற்கு, இணை சேர முடியாத இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இனி மஞ்சளுக்கு வரலாம். மஞ்சளின் குரோமோசோம்கள் 63. அவை இரண்டிரண்டாக இல்லை, 21 வகைகள் மும்மூன்றாக இருக்கின்றன. இப்படிப்பட்ட பயிரை மும்மடியம் என்கிறோம். கிழங்கு முளைத்துக் குருத்து விடுவதற்கு மைட்டாசிஸ் போதும், அதற்கு மூன்று என்ற எண்ணால் இடைஞ்சல் இல்லை. 63-க்கும் படி எடுத்து 63 ஆகவே கொடுத்துவிடலாம். இடைஞ்சல் வருவது பூவுக்குள், மியாசிஸில், ஒத்தவை இணை சேர வேண்டிய இடத்தில். மூன்று பேர் இருக்கும் இடத்தில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவர் தனித்து நிற்பார். அந்தத் தனியாள் எந்த முனைக்கும் போகலாம். 21 வகையிலும் தனியாட்கள் எல்லாரும் தற்செயலாக ஒரே பக்கம் போனால்தான் சீரான இனச்செல் கிடைக்கும். கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 10,48,576-இல் ஒரு வாய்ப்பு. மற்ற இனச்செல்களில் சில வகை ஒன்றாகவும் சில வகை இரண்டாகவும் கலைந்து கிடப்பதால் அவை பெரும்பாலும் பயனற்றுப் போகின்றன. பூ பூத்தும் விதை பிடிக்காததன் காரணம் அந்த விவசாயியின் மண்ணிலும் இல்லை, பவானி வாய்க்கால் தண்ணீரிலும் இல்லை.

பூவன், நேந்திரன், மொந்தன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வாழையில் 11 வகை மும்மூன்றாக 33. பழத்தை நறுக்கினால் நடுவில் தெரியும் கரும்புள்ளிகள் விதையாக வளராமல் நின்றுபோன சூல்கள். விதை இல்லாததால் உண்பதற்கு இதம், ஆனால் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் மரபில் வேறுபாடு இல்லை. ஒரு மரத்தை வீழ்த்தும் வாடல் நோய் தோப்பையே வீழ்த்துவதற்கு வழி அங்கேதான் திறக்கிறது.

கரும்பையும் கரணை வைத்துத்தான் நடுகிறோம். ஆனால் கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூக்கும் என்பதாலேயே 1912-இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்தது. அங்கே பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்து, 1918-இல் வெளியான கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். இதில் தாய்க்கரும்புக்கு 80 குரோமோசோம், தந்தையான நாணலுக்கு 64. பாடக் கணக்குப்படி 40-உம் 32-உம் சேர்ந்து 72 வந்திருக்க வேண்டும். வந்ததோ 112. தாய் தன் 80-ஐயும் குறைக்காமல் அப்படியே கொடுத்திருக்கிறது. 1930-களில் இதே நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்பினத்தின் குரோமோசோம்களை எண்ணியதோடு நில்லாமல், கரும்பை மக்காச்சோளத்தோடும் கலப்புச் செய்து பார்த்தார். இந்த இடங்களில் பாடத்தின் விதியைப் பயிர் மீறுகிறது. மீறல் எது என்று தெரிய வேண்டுமானால் விதி முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணிக்கையைச் சரியாக எண்ணுவதே நெடுங்காலம் கடினமாக இருந்தது. மனிதருக்கு 48 என்றே முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருந்தார்கள். 1956-இல்தான் ஸ்வீடனில் தியோவும் லெவானும் 46 என்று காட்டினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று கோல்ச்சிசின். அந்தப் பொருள் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு கதிர்கோல் இழைகளை உருவாகவிடாமல் செய்கிறது. குரோமோசோம்கள் சுருண்டு தடித்து நிற்கும், ஆனால் இழுக்க ஆளில்லாமல் அப்படியே காத்துக் கிடக்கும். அப்போது எண்ணுவது எளிது. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தும் இதே இழைகளைத்தான் குலைக்கிறது. ஓயாமல் பிரியும் புற்றுச் செல்களோடு, இயல்பிலேயே விரைந்து பிரியும் முடிவேர்ச் செல்களும் இவ்வகை மருந்துகளில் அடிபடுவதால்தான் சிகிச்சையில் முடி கொட்டுகிறது. மருந்து நின்ற பிறகு அவை மீண்டும் பிரியத் தொடங்கும், முடியும் வளரும்.

கோல்ச்சிசின் மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி பக்கங்களில் பந்தலிட்டு வளர்க்கும் கண்வலிக்கிழங்கின் விதையில் இருக்கிறது. செங்காந்தள் என்று இலக்கியம் சொல்லும் அதே கொடி. அங்கே முற்பகலில் பெண்கள் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள். அப்படித் தொட்டால்தான் காய் நிறையப் பிடிக்கும், விதைக்குத்தான் விலை. கொடிய நஞ்சும் அதுவே என்பதால் பிள்ளைகள் கையில் அது படாமல் பார்த்துக்கொள்வார்கள்.

இழைகள் இல்லாமல் போனால் இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே செல்லில் தங்கி எண்ணிக்கை இரு மடங்காகும் என்பதைத் தாவரங்களில் 1937-இல் கண்டறிந்தார்கள். 22 குரோமோசோம் கொண்ட தர்பூசணியின் நாற்றுக்குக் கோல்ச்சிசின் இட்டால் 44 கொண்ட செடி கிடைக்கும். அதைச் சாதாரணச் செடியோடு சேர்த்தால் பிறப்பது 33, மும்மடியம். மஞ்சளுக்கும் வாழைக்கும் இயற்கையில் நேர்ந்தது இங்கே மனிதர் கையால் நேர்கிறது. கோடையில் விதையில்லாத் தர்பூசணி என்று விற்கும் பழத்தின் ஒரு கீற்றை வாங்கிப் பார்க்கலாம். கறுத்த விதைகள் இருக்க வேண்டிய இடத்தில், நகத்தால் அழுத்தினால் நசுங்கிவிடும் சின்னஞ்சிறு வெண்தோல்கள் வரிசையாக இருக்கும். மூன்றாமவருக்கு இணை கிடைக்காமல் மியாசிஸ் நின்றுபோன இடங்கள் அவை. அடுத்த முறை அந்த விவசாயி வந்தபோது நான் அவரிடம் காட்டியது அப்படி ஒரு கீற்றைத்தான்.